சந்தை ஆய்வில் கருத்துச் சொல்லிச் சம்பாதிக்க முடியுமா?

வந்த கேள்வி சுருக்கமாக: "அம்பத்தூரில் இருக்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள். கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சோப்பு, டீத்தூள் மாதிரி பொருட்களைப் பற்றிக் கருத்துச் சொன்னால் பணம் தருகிறார்களாமே, உண்மையா? மாதம் எவ்வளவு வரும்? 1,200 ரூபாய் கட்டினால் தினமும் சர்வே அனுப்புவதாக ஒரு வாட்ஸ்அப் குழு சொல்கிறது. சேரலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டாதீர்கள்.

ஒரு ஷாம்பு கம்பெனி புது மணம் ஒன்றை வெளியிடும் முன் ஜனங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க நினைக்கிறது. அதற்காக ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. ஆய்வு நிறுவனம் களவேலை செய்யும் ஏஜென்சிக்குத் தருகிறது, ஏஜென்சி அந்தந்த ஏரியாவில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ரெக்ரூட்டருக்குக் கமிஷன் தருகிறது, கடைசியில் உட்கார்ந்து பேசிய உங்களுக்கு ஒரு கவர் கிடைக்கிறது. பணம் மேலிருந்துதான் இறங்கும். உங்கள் கையிலிருந்து மேலே போக வேண்டிய பணம் என்று இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் டெபாசிட், எந்தப் பெயரில் கேட்டாலும் அவர்களுடைய வருமானமே நீங்கள் கட்டும் அந்தப் பணம்தான்.

இது புதிய வித்தையும் இல்லை. 2010-11இல் ஸ்பீக் ஏசியா என்ற சிங்கப்பூர் நிறுவனம் இந்தியா முழுக்க இதையே பெரிய அளவில் செய்தது. 11,000 ரூபாய் கட்டினால் வாரம் இரண்டு ஆன்லைன் சர்வே, ஒன்றுக்கு 500 ரூபாய். அதாவது கட்டியது 11,000, வருடக் கடைசியில் வருவது 52,000. ஆள் சேர்த்துவிட்டால் தனியாகக் கமிஷன். ஏறத்தாழ 24 லட்சம் பேர் சேர்ந்தார்கள். தங்கள் வாடிக்கையாளர்கள் என்று அது காட்டிய பெரிய கம்பெனிகள் 2011இல் "எங்களுக்குத் தொடர்பில்லை" என்று மறுத்ததும் பட்டுவாடா நின்றது. மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. இன்றைக்கு அதன் குட்டி வடிவம் டெலிகிராமில் ஓடுகிறது: வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய், ஹோட்டலுக்கு ரேட்டிங் கொடுத்தால் 150 ரூபாய். முதல் இரண்டு நாள் உண்மையிலேயே வந்துவிடும். மூன்றாம் நாள் "பிரீபெய்டு டாஸ்க்" என்று 1,000 ரூபாய் போடச் சொல்வார்கள், 1,300 ஆகத் திரும்பும். அடுத்து 5,000, பிறகு 30,000. அந்தத் தொகை திரும்பாது. "உங்கள் பணத்தை விடுவிக்க வரி கட்டுங்கள்" என்ற செய்திதான் வரும். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் முடக்கினால் மீட்க வாய்ப்புண்டு. ராத்திரி யோசித்து, காலையில் அழைத்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போயிருக்கும்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம்.

நேரில் நடக்கும் ஆய்வுகளில் கவர் கனமாக இருப்பது குரூப் டிஸ்கஷனில். ஆறிலிருந்து எட்டுப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, மாடரேட்டர் என்ற ஒருவர் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பேச வைப்பார். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னாலோ, அடுத்த அறையில் கேமரா வழியாகவோ கம்பெனி ஆட்கள் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஒருவர் காதோடு காதாக மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் மாடரேட்டர் பதறுகிறார். பேச்சு முழுவதும் பதிவாகும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சாதாரண வீட்டு உபயோகப் பொருளுக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை வழக்கம். கார் வைத்திருப்பவர்கள், டாக்டர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள் என்று ஆள் கிடைப்பது கடினமாக ஆக, தொகையும் ஏறும். பணத்துக்குப் பதில் ஹாட்பாக்ஸ், டின்னர் செட், கூப்பன் தருவதும் உண்டு. எது என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எட்டுப் பேர் வேண்டுமென்றால் பத்துப் பேரை வரச் சொல்வார்கள், இரண்டு பேர் வராமல் போவார்கள் என்ற கணக்கில். பத்துப் பேரும் வந்துவிட்டால் இருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அந்த இருவருக்கும் பேசிய தொகையைக் கொடுத்து அனுப்புவதுதான் முறை. "நீங்கள் உள்ளே உட்காரவில்லையே" என்று பாதி கொடுத்தாலோ, பஸ் காசு மட்டும் நீட்டினாலோ, அந்த இடத்திலேயே சூப்பர்வைசரைக் கேளுங்கள். ஏஜென்சியின் செலவுக் கணக்கில் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் சேர்த்தே பணம் எழுதப்பட்டிருக்கும்.

தனியாக உங்களை மட்டும் பேட்டி எடுப்பதும் உண்டு. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே. சமையலறை அலமாரியைத் திறந்து காட்டச் சொல்வார்கள், ஃபிரிட்ஜைப் படம் எடுப்பார்கள். வருகிறார்களே என்று ஒழுங்குபடுத்தி வைக்காதீர்கள். பாதி தீர்ந்து கிளிப் போட்ட மசாலா பாக்கெட்டும், டப்பாவில் கொட்டிய பிறகு வீசாமல் வைத்திருக்கும் காலிக் கவரும்தான் அவர்களுக்கு வேண்டும்.

ஹால் டெஸ்ட் இன்னும் எளிது. கடைத்தெருப் பக்கம் சின்ன மண்டபமோ அறையோ வாடகைக்கு எடுத்து, இருபது முதல் நாற்பது நிமிடம் ருசி பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ வைப்பார்கள். 100 முதல் 300 ரூபாய், அல்லது அதற்கு ஈடான பரிசு. கோப்பையில் பிராண்டுப் பெயர் இருக்காது, 417, 862 மாதிரி மூன்று இலக்க எண் இருக்கும். 1, 2 அல்லது ஏ, பி என்று போட்டால் முதலாவதுதான் உசத்தி என்று மனசு தானாகவே நினைத்துக்கொள்ளும் என்பதால் இப்படி. ஒருவருக்கு 417 முதலில் வந்தால் அடுத்தவருக்கு 862 முதலில் வரும். இரண்டுக்கும் இடையில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் தருவார்கள். அது உபசாரம் இல்லை, முந்தைய ருசி நாக்கில் நிற்காமலிருக்க. ஆகவே கடமையாகச் சாப்பிடுங்கள். போவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை, பாக்கு, புதினா மிட்டாய் கூடாது. வாசனைப் பொருள் சோதனை என்றால் சென்டும் மல்லிகைப்பூவும் வேண்டாம். சளி பிடித்திருந்தால் போகவே வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

மதிப்பெண் தருவதில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: மரியாதை. "மிக மிகப் பிடித்தது" முதல் "கொஞ்சமும் பிடிக்கவில்லை" வரை ஒன்பது படி இருக்கும். பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி எல்லாவற்றுக்கும் எட்டோ ஒன்பதோ போட்டுவிட்டு வந்தால் அந்தப் படிவத்தால் யாருக்கும் பயனில்லை. அடுத்தாற்போல் "இனிப்பு அதிகமா, குறைவா, சரியாக இருக்கிறதா" என்று கேட்பார்கள். முந்தைய கேள்வியில் ஒன்பது போட்டவர் இங்கே "இனிப்பு ரொம்ப அதிகம்" என்றால் இரண்டும் இடிக்கும், சூப்பர்வைசர் மறுபடி உட்கார வைப்பார். சில நேரம் மூன்று கோப்பை தந்து வேறுபட்டது எது என்று கேட்பார்கள். இரண்டில் இருப்பது ஒன்றேதான். கண்டுபிடிக்க முடியாமல் போனால் அது உங்கள் குறையல்ல. வித்தியாசம் தெரியவில்லை என்பதும் கம்பெனிக்குத் தேவையான பதில்தான், விலை குறைந்த சரக்கைச் சேர்த்தது வெளியே தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்தச் சோதனையை வைத்திருக்கலாம்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பி ஒன்று அல்லது இரண்டு வாரம் பயன்படுத்தச் சொல்வது இன்னொரு வகை. வெள்ளை பாக்கெட், எண் மட்டும். இதில் ஆள் கழிவது பெரும்பாலும் நாலைந்து காரணங்களால்: இடையில் பழைய சோப்பையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள், பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்குப் பாதி கொடுத்திருப்பார்கள், காலிக் கவரை வீசியிருப்பார்கள் (மீதியை எடை போட்டுப் பார்ப்பார்கள்), குறிப்பேட்டைக் கடைசி நாள் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பியிருப்பார்கள், அல்லது படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருப்பார்கள். கடைசியாகச் சொன்னது வில்லங்கமானது. வெளியாகாத பொருளைப் பற்றி வெளியே சொல்ல மாட்டேன் என்று முதலில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தோல் ஒவ்வாமை, ஆஸ்துமா, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது எதுவாக இருந்தாலும் பொருளை வாங்கும் முன் சொல்லுங்கள். 500 ரூபாய்க்காக மறைக்கிற சங்கதி இல்லை இது. அரிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு, கொடுத்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் உள்ளே நுழையும் வாசல் ஸ்கிரீனர் எனப்படும் வடிகட்டும் கேள்விகள். உங்கள் விஷயத்தில் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் பெரும்பாலும் இது வரும்: "நீங்களோ, குடும்பத்தாரோ, நெருங்கிய நண்பர்களோ இந்தத் துறைகளில் இருக்கிறீர்களா?" பட்டியலில் விளம்பரம், சந்தை ஆய்வு, பத்திரிகை, தொலைக்காட்சி இருக்கும். கூடவே, ஆய்வு செய்யப்படும் பொருளைத் தயாரிப்பவர், மொத்தமாக விற்பவர், சில்லறையில் விற்பவர். எந்தப் பொருள் என்று நீங்கள் ஊகிக்காமலிருக்க வங்கி, ஜவுளி என்று சம்பந்தமில்லாத துறைகளையும் கலந்திருப்பார்கள். கணவர் மளிகைக் கடைக்காரர் என்பதால் சோப்பு, டீத்தூள், மசாலா, பிஸ்கட், சமையல் எண்ணெய் ஆய்வுகளில் உங்களை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எந்த பிராண்டில் லாபம் அதிகம், எதற்குப் பத்துக்கு ஒன்று இலவசம் என்றெல்லாம் தெரிந்த வீட்டைச் சேர்ந்தவரின் கருத்து, கடைக்குப் போய் வாங்கும் ஒருவரின் கருத்தாக இருக்காது. நீங்கள் கேட்ட பொருட்களே உங்களுக்கு மூடிய கதவு என்பது சங்கடம்தான். ஆனால் செல்போன், டிவி, ஸ்கூட்டர், வங்கிச் செயலி, காப்பீடு, பள்ளி, நகை, புடவை, வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட் இவற்றில் அந்தத் தடை கிடையாது. ரெக்ரூட்டரிடம் முதல் பேச்சிலேயே "வீட்டுக்காரர் மளிகை வியாபாரம், அது சம்பந்தமில்லாத வேலை வந்தால் சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். இரண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது, கடைசியாக எப்போது இப்படிப்பட்ட ஆய்வில் கலந்துகொண்டீர்கள் என்பது. குரூப் டிஸ்கஷனுக்குப் பொதுவாக ஆறு மாத இடைவெளி கேட்பார்கள். ஹால் டெஸ்டுக்கு மூன்று மாதம். அடிக்கடி வருபவர் மாடரேட்டர் என்ன கேட்பார் என்று தெரிந்துகொண்டு, நுகர்வோர் மாதிரி பேசாமல் விளம்பரக் கம்பெனி ஆள் மாதிரி "பேக்கேஜிங் அட்ராக்டிவா இல்லை" என்று பேச ஆரம்பித்துவிடுவார். அவர்களை ஒதுக்கத்தான் இந்தக் கேள்வி.

பிறகு குடும்பத்தின் வசதி. சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. அதனால் 2011இல் இந்திய ஆய்வு நிறுவனங்கள் கொண்டுவந்த முறை வேறு: வீட்டில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு என்ன, பதினொரு பொருட்களில் எத்தனை வீட்டில் உண்டு. மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம். இந்த இரண்டையும் கட்டத்தில் வைத்து ஏ1 முதல் இ3 வரை பன்னிரண்டு படிகளில் ஒன்றில் உங்கள் வீட்டைப் போடுவார்கள். உயர்ந்த படியில் இருந்தால்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்து இல்லாத ஏசியை இருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த ஆய்வுக்கு பி2 வீடுகள்தான் தேவைப்பட்டிருக்கும், பொய் சொல்லியே வெளியே போயிருப்பார்கள்.

பொய் சொல்லாதீர்கள் என்பதை ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஆள் கிடைக்காத நெருக்கடியில் ரெக்ரூட்டரே சொல்லிக் கொடுப்பார்: "அக்கா, ஆறு மாசமா எங்கேயும் போகலைன்னு சொல்லிடுங்க, வீட்டுக்காரர் பிரைவேட் கம்பெனின்னு சொல்லுங்க." அங்கே போனதும் ஏஜென்சியின் வேறொருவர் அதே கேள்விகளை வேறு வரிசையில் மறுபடி கேட்பார். இரண்டு நாள் கழித்து, சொன்னதைச் சரிபார்க்க, பேக்செக் என்று அலுவலகத்திலிருந்து போன் வரும். காலி பாக்கெட்டை, வண்டியின் ஆர்சியைக் காட்டச் சொல்வார்கள். "இதில் எந்தெந்த பிராண்டு கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்ற பட்டியலில் உலகத்திலேயே இல்லாத ஒரு பெயரை நுழைத்திருப்பார்கள், அதற்கும் ஆமாம் போட்டால் முடிந்தது. பிடிபட்டால் கவர் கிடைக்காது, உங்கள் போன் எண் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். சொல்லிக்கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார்.

ரெக்ரூட்டரைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கே நேரடி ஆய்வுகளுக்கு ஆள் பிடிப்பது பெரும்பாலும் வாய்வழிதான். ஏரியாவில் பத்துத் தெருவையும் தெரிந்த ஒரு பெண்மணி இருப்பார். பியூட்டி பார்லர், தையல் வகுப்பு, ஸ்கூல் வாசல் இங்கெல்லாம் விசாரித்தால் தெரியவரும். வீட்டுக்குக் கேள்வித்தாளோடு வரும் ஆய்வாளரிடமே "குரூப் மீட்டிங் இருந்தால் சொல்லுங்க" என்று கேட்கலாம். ரெக்ரூட்டருக்கு நீங்கள் தர வேண்டிய விவரம்: பெயர், வயது, ஏரியா, பிள்ளைகளின் வயது, என்ன வண்டி, என்ன போன், எந்த பிராண்டு டிவி, எந்த வங்கி. அவ்வளவே. அக்கவுன்ட் நம்பர், ஓடிபி, ஆதார் நகல் எதுவும் வேண்டாம். நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் வயதையும் முகவரியையும் சரிபார்க்க அடையாள அட்டை கேட்பது சகஜம், காட்டினால் போதும். நகல் கேட்டு அடம்பிடித்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுத்து, மேலே குறுக்காக எதற்காக, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள். பணத்தை யுபிஐ வழியாக அனுப்புவதாகச் சொன்னால் உங்கள் எண் மட்டும் போதும். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொன்னால் அது வாங்குவது இல்லை, கொடுப்பது.

முகவரி கொடுத்து முன்பின் தெரியாத வீட்டுக்கு வரச் சொன்னால், ஏஜென்சியின் பெயரையும் அலுவலக எண்ணையும் வாங்கி, அலுவலகத்துக்கே அழைத்து இந்தத் தேதியில் இந்த ஆய்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.

முடிந்ததும் கவரைப் பிரித்து எண்ணிவிட்டு, வவுச்சரில் எழுதியிருக்கும் தொகையும் அதுவேதானா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்று வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிட்டு 500 கொடுத்து 800 எழுதிக்கொள்வது இந்தத் தொழிலின் பழைய நோய். ரெக்ரூட்டர் "எனக்கு நூறு ரூபாய்" என்று கேட்பதும் அப்படித்தான், அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியே உண்டு.

ஆன்லைன் சர்வேக்கு வருவோம். டோலுனா, யூகவ், இப்சாஸ் ஐசே, ஸ்வாக்பக்ஸ் போன்றவை உண்மையானவை, சேர இலவசம். பாயின்ட் சேர்ந்ததும் கூப்பனாகவோ, பேபால் என்ற இணையப் பணச்சேவை வழியாகவோ தருகின்றன. கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் ஆண்ட்ராய்டில் சில ரூபாய்களை ப்ளே ஸ்டோர் பாலன்ஸாகத்தான் தரும். கையில் பணமாக எடுக்க முடியாது, ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். பேபாலில் பணம் பெற பான் எண் தேவை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குக் கட்டணமும் மாற்று விகிதமும் கொஞ்சம் தின்னும். சின்னத் தொகைக்குக் கூப்பனே லாபம்.

வேதனை இங்கே ஸ்கிரீனரில்தான். 15 நிமிட சர்வே, 40 ரூபாய் என்று வரும். அதற்கு முன் மூன்று சர்வேயில் நாலு நாலு நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு "நீங்கள் தகுதி பெறவில்லை" என்று வெளியேறியிருப்பீர்கள். ஆக 27 நிமிடத்துக்கு 40 ரூபாய், மணிக்கு 90க்குக் கொஞ்சம் கீழே. இது நல்ல நாள் கணக்கு. சர்வேயே வராத நாட்கள், பிறகு கழிக்கப்படும் பாயின்ட் எல்லாம் சேர்த்தால் மணிக்கு 60 என்று வைத்துக்கொள்வது நியாயம். வெளியேற்றப்படுவது எல்லா நேரமும் உங்கள் தவறும் இல்லை. 25 முதல் 34 வயதுப் பெண்கள் 200 பேர் என்று கோட்டா இருந்து, காலை பதினொரு மணிக்கே நிரம்பியிருக்கலாம். அழைப்பு வந்ததும் திறப்பவருக்கே வாய்ப்பு அதிகம்.

கணக்கு முடக்கப்படுவதற்கான காரணங்களையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் முடக்குவது பெரும்பாலும் பணம் எடுக்கப் போகும்போதுதான், அப்போதுதான் முழுச் சோதனையும் நடக்கிறது. ஒரே வீட்டு வைஃபையில் நீங்கள், கணவர், தங்கை என்று மூன்று கணக்கு. விபிஎன் போட்டு அமெரிக்காவில் இருப்பதாகக் காட்டுவது. பிள்ளைகளின் வயதை மார்ச்சில் ஒன்றாகவும் ஜூனில் வேறாகவும் சொல்வது. கட்டம் போட்டு வரும் கேள்விகளில் எல்லாவற்றுக்கும் ஒரே நெடுவரிசையில் டிக் அடிப்பது. நடுவில் "இந்த வரியில் ‘உடன்படவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு பொறிக் கேள்வி இருக்கும், படிக்காமல் போகிறவர்கள் அதில் மாட்டுவார்கள். 15 நிமிட சர்வேயை ஐந்து நிமிடத்துக்குள் முடித்தால் பல நிறுவனங்கள் அந்தப் பதிலையே எடுத்துக்கொள்ளாது. எழுத்தில் பதில் கேட்கும் இடத்தில் "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதினாலும், வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டினாலும் கழித்துவிடுவார்கள். கழிப்பது சில வாரம் கழித்து நடக்கும், கணக்கில் ஏறிய பாயின்ட் திரும்ப இறங்கும். எனவே குறைந்தபட்சத் தொகையைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள், பெரிய தொகையாகட்டும் என்று சேர்த்து வைக்க இது சீட்டு இல்லை.

இதற்கென்று தனி ஈமெயில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் கொட்டும்.

மிஸ்டரி ஷாப்பிங் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: வாடிக்கையாளர் மாதிரி ஷோரூமுக்குப் போய், விற்பனையாளர் எப்படிப் பேசினார் என்று அறிக்கை தருவது. உண்மையான வேலைதான், ஆனால் வேலை. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் நீளப் படிவம், நேரம் தெரியும் பில், சில சமயம் ஒலிப்பதிவு. பில்லில் இருக்கும் நேரமும் நீங்கள் எழுதிய நேரமும் பத்து நிமிடம் தள்ளியிருந்தால் அறிக்கை திரும்பிவிடும், கைக்காசு போட்டு வாங்கிய பொருளுக்கான பணமும் தொங்கும். டிவி பார்ப்பதைக் கணக்கெடுக்கும் மீட்டர் வீடுகளுக்கு விண்ணப்பிக்க முடியாது, அவர்களாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். "மீட்டர் வாங்கித் தருகிறேன்" என்பவரை நம்ப வேண்டாம்.

மாதம் எவ்வளவு? ஒளிக்காமல் கணக்குப் போடுவோம். வருடத்துக்கு இரண்டு குரூப் டிஸ்கஷன், 800 வீதம் 1,600. மூன்று ஹால் டெஸ்ட், 200 வீதம் 600. ஒரு வீட்டுச் சோதனை 500. ஆன்லைனில் மாதம் 25 நாள், நாளுக்கு அரைமணி, மணிக்கு 60 என்றால் மாதம் 750, வருடம் 9,000. மொத்தம் 11,700, மாதத்துக்கு ஆயிரத்தைத் தொடாது. பால் கணக்கோ போன் ரீசார்ஜோ இதில் அடையும். ஸ்கூல் ஃபீஸ் கட்ட நினைத்தால் ஏமாற்றம்தான். வேறு வருமானம் இருந்து வரி கட்டுபவரானால் இதையும் இதர வருமானத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆன்லைனில் போகும் அந்த 150 மணி நேரத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், தையலோ டியூஷனோ தெரிந்தவர் இதில் செலவழிக்கக் கூடாது. நேரில் கூப்பிட்டால் மட்டும் போய்வருவது போதும்.

உங்கள் வீட்டில் இன்னொரு கதவு இருக்கிறது, கேள்வியில் நீங்கள் அதைக் கேட்கவில்லை. உங்களை வெளியேற்றும் அதே மளிகைக் கடை, கடைக்காரர்களிடம் செய்யும் ஆய்வுகளில் தேவைப்படும் இடம். புது பாக்கெட் அலமாரியில் நிற்குமா, ஐந்து ரூபாய் சாஷே போகுமா, விநியோகஸ்தர் வாரம் எத்தனை முறை வருகிறார் என்றெல்லாம் கேட்க ஆட்கள் கடைக்கே வருவார்கள். அரைமணிப் பேச்சுக்கு ஏதாவது தருவார்கள், மதியம் கூட்டமில்லாத நேரத்துக்கு வரச் சொல்லலாம். இதைவிட நிலையானது ரீடெய்ல் ஆடிட். தேர்ந்தெடுத்த கடைகளுக்கு மாதம் ஒருமுறை ஆடிட்டர் வந்து, குறிப்பிட்ட பொருட்களின் இருப்பை எண்ணி, கொள்முதல் பில்களைக் குறித்துக்கொள்வார். மாதத் தொடக்கத்தில் 40 பாக்கெட், இடையில் வாங்கியது 100, கடைசியில் 25 என்றால் விற்றது 115, அவருக்கு வேண்டியது இந்த எண்தான். ஒத்துழைப்புக்கு மாதாமாதம் சிறு தொகையோ பரிசோ உண்டு. இதற்கும் விண்ணப்பம் கிடையாது, கடை அவர்களுடைய மாதிரிப் பட்டியலில் விழ வேண்டும். வந்தால் நிறுவன அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சம்மதிக்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். இருப்பும் கொள்முதலும் காட்டினால் போதும். கடன் நோட்டும் வங்கிக் கணக்கும் அவர்களுக்குத் தேவையில்லை. கொள்முதல் பில்களை ஒரே கம்பியில் குத்தி வைக்கச் சொல்லுங்கள். 100 பாக்கெட்டுக்கான ஒரு பில் தவறினாலும் மேலே சொன்ன கணக்கில் விற்பனை 15 என்று விழும், ஆடிட்டர் மறுநாள் மறுபடி வந்து நிற்பார்.